வாடகையும் ஜீவனாம்சத்தில் சேர்ந்ததுதான்



சென்ற மாதம் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, "புருஷனோடு ஒத்துப்போகவில்லை என்றால் பெண்ணுக்குப் பிறந்த வீடு இருக்கிறது. அதை விட்டுவிட்டுத் தனியாக வீடு பிடித்துக் குடியிருப்பது குடும்பப் பெண்ணுக்கு அழகல்ல" என்று எழுதியிருந்தார். படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. அந்தச் சகோதரிக்கு நல்ல மனசுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் சொல்லும் பிறந்த வீடு எத்தனை பேருக்கு இருக்கிறது?

அப்பா அம்மா இருக்கும் வரைக்கும் சரி. அண்ணனுக்குக் கல்யாணமாகி, இரண்டு அறை வீட்டில் இரண்டு குடும்பம் நடக்கும்போது, மூன்றாவதாக ஒருத்தி இரண்டு பிள்ளைகளோடு வந்து நின்றால் எத்தனை நாளைக்கு முகம் கோணாமல் சோறு போடுவார்கள்? அண்ணியைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. அவளுக்கும் இடம் வேண்டுமே. முதல் மாதம் "நம்ம பொண்ணு" என்பார்கள். ஆறாவது மாதம் "வாழாவெட்டி" என்ற வார்த்தை வந்துவிடும், அதுவும் பிள்ளைகளின் காதில் விழுகிற மாதிரி.

சட்டம் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே, கணவனால் கைவிடப்பட்ட அல்லது கணவனைப் பிரிந்த மகள் தன் தந்தை விட்டுச் சென்ற வீட்டில் குடியிருக்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. பாகம் கேட்க முடியாது, குடியிருக்க மட்டும்தான். பிறகு நம் தமிழ்நாட்டில் 1989லும், இந்தியா முழுவதும் 2005லும் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே பங்கு வந்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் பங்கு இருக்கிறது என்பதற்காக இன்று ராத்திரி படுக்கப் பாய் கிடைத்துவிடுமா? பாகம் பிரிக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் விட்ட வீட்டிலேயே எப்படிப் போய்ப் படுப்பது? அதனால்தான் பெண்கள் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். அழகுக்காகத் தேடவில்லை.

அந்த வீடு தேடும் படலம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். "டூ லெட்" பலகையைப் பார்த்து உள்ளே போனால் முதல் கேள்வி, "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" "பிரிஞ்சு இருக்கேம்மா" என்றதும் வீட்டுக்காரம்மாவின் முகமே மாறிவிடும். "அப்படியா... நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்" என்பார். பலகை மட்டும் அடுத்த மாதம் வரைக்கும் அங்கேயே தொங்கும்! கொஞ்சம் தயவு உள்ளவர்கள், "உங்க அண்ணனை வரச் சொல்லும்மா, அவர் பேருக்கு எழுதிக்கலாம்" என்பார்கள். இந்தத் தயவு எவ்வளவு பெரிய கெடுதல் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

திருவண்ணாமலைக்கு என்று தனிக் கஷ்டமும் உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. கார்த்திகை தீபம் என்றால் சொல்லவே வேண்டாம். கிரிவலப் பாதையை ஒட்டி ஓர் அறை கூடுதலாக வைத்திருப்பவர்கள் அதை மாத வாடகைக்கு விடுவதை விட நாள் வாடகைக்கு விடுவதில்தான் லாபம் பார்க்கிறார்கள். ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோடு பக்கம் கேட்கவே வேண்டாம். குளிர்காலத்தில் வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கொடுக்கும் வாடகையைப் பூக்கட்டி விற்கிற பெண்ணோ, தையல் மெஷின் வைத்திருக்கிற பெண்ணோ கொடுக்க முடியுமா? வீட்டுக்காரர்களைத் திட்டவில்லை. கடன் வாங்கிக் கட்டியவர்களுக்கு நாலு காசு வரத்தான் வேண்டும். ஆனால் ஊருக்குள் ஒரு பெண் தனியாக வீடு தேடுவது வருஷா வருஷம் கஷ்டமாகிக்கொண்டே போகிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சரி, அரசாங்கம் வாடகைக்கு ஏதாவது கொடுக்கிறதா? இங்கிலாந்தில் கொடுக்கிறார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு வீட்டு வாடகைக்கென்றே அங்கே 'ஹவுசிங் பெனிஃபிட்' என்று ஓர் உதவித்தொகை இருந்தது. வேலை செய்யும் வயதில் இருப்பவர்களுக்கு 2013லிருந்து அது சிறுகச் சிறுக 'யுனிவர்சல் கிரெடிட்' என்ற ஒரே உதவித்தொகைக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. கணவனைப் பிரிந்து வாடகை வீட்டுக்குப் போகிற பெண் தன் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி அதைக் கேட்கலாம். யாரும் அதைப் பிச்சை என்று நினைப்பதில்லை.

நம்மிடம் அப்படி வாடகைக்கென்று ஒரு திட்டம் இல்லை. கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு மாத உதவித்தொகை 1986லிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அது 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் அதற்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். பிரிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட் மூலம் பிரிந்ததற்குச் சான்று வேண்டும். ஏழ்மை நிலையும் பார்ப்பார்கள். இருபத்தைந்து வயதில் கைக்குழந்தையோடு நேற்று வெளியே வந்தவளுக்கு அது எந்த ஊர் ஆதரவு? வாடகை ஐந்து வருஷம் கழித்தா ஆரம்பிக்கிறது? அடுத்து, 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் என்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை. அது ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருவருக்குத்தான். இவள் பெயரோ மாமியார் வீட்டுக் கார்டில் இருக்கிறது. ஆக, அந்த ஆயிரம் ரூபாயும் மாமியாருக்கு!

இதனால் எல்லாரும் "நம்ம நாட்டுல ஒண்ணுமில்லை, தலைவிதி" என்று விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் நான் மறுத்துப் பேச விரும்புகிறேன். நம் சட்டம் அந்த வாடகையை அரசாங்கத்தின் தலையில் வைக்கவில்லை, கணவனின் தலையில் வைத்திருக்கிறது. வைத்துப் பல வருஷம் ஆகிறது. கேட்கிறவர்கள்தான் குறைவு.

2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. வன்முறை என்றவுடன் நாம் அடி உதையைத்தான் நினைக்கிறோம். அந்தச் சட்டத்தில் பொருளாதார வன்முறை என்றும் ஒன்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுச் செலவுக்குக் கொடுக்காமல் இருப்பது, அவளுடைய சீதனத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது, குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை கட்டாமல் விடுவது, எல்லாம் அதில் அடங்கும். நன்றாகக் கவனியுங்கள். கணவன் வாடகை கட்டாமல் நழுவி, வீட்டுக்காரர் வந்து சாமான்களை வெளியே வைக்கிற நிலைமைக்குக் குடும்பத்தைக் கொண்டுவந்தால், அதுவே வன்முறைதான். உடம்பில் காயம் காட்ட வேண்டியதில்லை.

அந்தச் சட்டத்தின் 19ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட் என்னென்ன உத்தரவு போடலாம் என்று வரிசையாக இருக்கிறது. மனைவியை வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று உத்தரவிடலாம். கணவனையே வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லலாம். அதுவும் முடியாதென்றால், அவள் அதுவரை எப்படிப்பட்ட வீட்டில் இருந்தாளோ அதே தரத்தில் வேறு வீடு பார்த்துத் தரச் சொல்லலாம், அல்லது அந்த வாடகையைக் கட்டச் சொல்லலாம். வாடகை என்ற வார்த்தை சட்டத்திலேயே இருக்கிறது, சகோதரிகளே! நாமாக இழுத்துப் பொருள் சொல்லவில்லை.

கணவனை வெளியே போகச் சொல்வதா, இது என்ன கலிகாலம் என்று சிலர் கேட்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கேட்கக் கூடாது. மாட்டுப் பொங்கலன்று திருவூடல் தெருவில் என்ன நடக்கிறது? பிருங்கி முனிவருக்குக் காட்சி தரப் போகிறேன் என்று சுவாமி கிளம்ப, உண்ணாமுலையம்மனுக்குக் கோபம் வந்துவிடுகிறது. அம்மன் விறுவிறுவென்று கோயிலுக்குள் போய்விடுகிறாள். அண்ணாமலையார்தான் அன்று ராத்திரி குமரக்கோயிலில் தங்குகிறார். மறுநாள் கிரிவலம் சுற்றிவிட்டு வந்த பிறகுதான் மறுவூடல், சமாதானம் எல்லாம். ஊடல் வந்ததும் அம்மன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கா போனாள்? வீட்டில் இருந்தது அவள்தான். இத்தனை வருஷமாக அந்தத் தெருவில் நின்று பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற நாம், நம் வீட்டில் என்றால் மட்டும் பெண்ணைத்தான் வெளியே அனுப்புகிறோம்.

"வீடு மாமியார் பேரில் இருக்கே, அவர் எப்படிப் போவார்?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். 2006 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டே, கணவனுக்குச் சொந்தமில்லாத மாமியார் வீட்டில் மருமகள் உரிமை கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. சட்டம் வந்து இரண்டு மாதத்துக்குள் இந்தத் தீர்ப்பு! பதினான்கு வருஷம் எத்தனை மருமகள்கள் இதனால் தெருவில் நின்றார்களோ. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹுஜா என்பவரின் வழக்கில் மூன்று நீதிபதிகள் அந்தத் தீர்ப்பு சரியல்ல என்று மாற்றினார்கள். வீடு யார் பேரில் இருந்தாலும், மருமகளாக நிலையாகக் குடியிருந்த வீடு அவளுக்கும் குடும்ப வீடுதான். ஆனால் வயதான மாமனார் மாமியார் நிம்மதியாக இருக்க வேண்டியதையும் பார்க்க வேண்டும் என்று அதே தீர்ப்பில் உண்டு. அதுவும் நியாயம்தான். நாளும் பொழுதும் சண்டை நடக்கும் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வதை விட, தனி வீடும் அதற்கு வாடகையும் பல பேருக்கு நிம்மதி. எனக்கென்னவோ நம் பெண்களுக்கு இந்த வாடகை வழிதான் ஒத்துவரும் என்று தோன்றுகிறது.

இது போக ஜீவனாம்ச வழக்கு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்திருக்கும் புதிய சட்டத்தில் அது 144ஆவது பிரிவு. எல்லா மதத்தவரும் கேட்கலாம். பழைய சட்டத்தில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று ஓர் உச்சவரம்பு இருந்தது. 2001ல் அதை எடுத்துவிட்டார்கள். இந்துக்களுக்கு 1956ஆம் வருஷத்து ஜீவனாம்சச் சட்டம் ஒன்றும் உண்டு. அதில் ஜீவனாம்சம் என்றால் சாப்பாடு, துணி, குடியிருப்பு, படிப்பு, வைத்தியம் என்றே விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவதாக என்ன இருக்கிறது பாருங்கள், குடியிருப்பு! ஆனால் நாம் ஜீவனாம்சம் என்றால் அரிசி பருப்புக் காசு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் வீட்டுப் பின்போர்ஷனில் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு நான்கு வருஷமாகக் குடியிருக்கிறாள். பெயர் வேண்டாம். கணவன் வெளியூரில் மாதச் சம்பளக்காரன். அவள் முதலில் போட்ட மனுவில் "மாதம் இவ்வளவு ஜீவனாம்சம்" என்று மொத்தமாக ஒரு தொகைதான் எழுதியிருந்தது. விசாரணையில், "எங்கே குடியிருக்கிறீர்கள், வாடகை எவ்வளவு, ரசீது இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்போது அவள் வேறு ஒரு வீட்டில் இருந்தாள். அந்த வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை அவள் தம்பி பேருக்கு எழுதியிருந்தார். ரசீது கிடையாது, வாடகை கையில்தான் கொடுப்பது. எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருப்பாரா? "இந்த அம்மா தம்பி வீட்டில் சௌகரியமாக இருக்கிறார், வாடகைச் செலவே இல்லை" என்று சொல்லிவிட்டார். தம்பி பேருக்கு எழுதிய காகிதமே அதற்குச் சாட்சியாகிவிட்டது. அண்ணன் தம்பி பேருக்கு எழுதுகிற தயவு கெடுதல் என்று சொன்னேனே, இதுதான்.

எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு என் வீட்டுக்காரர் அவள் பேரிலேயே ஒப்பந்தம் எழுதி, மாதா மாதம் ரசீதும் கொடுத்தார். தெருவில் இரண்டு பேர், "எதுக்கு உங்களுக்கு இந்த வம்பு?" என்று கேட்கத்தான் செய்தார்கள். என்ன வம்பு? குடியிருக்கிறவள் பேரில் குடித்தனச் சீட்டு எழுதுவது வம்பா? அந்தக் காகிதங்களை வைத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் வாடகையைத் தனியாகக் கேட்டாள். ஜீவனாம்சம் போக வாடகைக்கென்று மாதம் 3,000 ரூபாய் உத்தரவானது. முழு வாடகை இல்லைதான். ஆனாலும் ஒன்றாம் தேதி வந்தால் அவள் முகத்தில் இருந்த அந்தத் திகில் போய்விட்டது. அதை நான் தினமும் பார்க்கிறேன்.

ஆகையால் மனுப் போடப் போகும் சகோதரிகள், வக்கீல் எழுதுகிறபடி எழுதட்டும் என்று விட்டுவிடாதீர்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, கரண்ட் எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் என்பவருக்கும் நேஹா என்பவருக்குமான வழக்கில் சுப்ரீம் கோர்ட் நாடு முழுவதற்கும் சில விதிகளை வகுத்துக் கொடுத்திருக்கிறது. இரண்டு தரப்பும் வரவு செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கு. ஒரு கோர்ட்டில் ஏற்கெனவே வாங்கியிருந்தால் அடுத்த கோர்ட்டில் அதை மறைக்கக் கூடாது, கழித்துக் கொடுப்பார்கள். மறைத்தால் நமக்குத்தான் கெட்ட பெயர்.

இன்னொரு எச்சரிக்கை. இதைப் படிக்கிறவர்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் சொல்லுங்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் சண்டை முற்றினால் பெரிய மனிதர்கள் கூடி, "ரெண்டு பேரும் மனசார சம்மதிச்சுப் பிரியறோம், இனிமே ஒருத்தர்மேல ஒருத்தருக்கு எந்தப் பாத்தியமும் இல்லை" என்று பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். விவகாரம் முடிந்தால் போதும் என்று பெண்ணும் போட்டுவிடுகிறாள். அது விவாகரத்து ஆகாது. ஆனால் இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று நான் மேலே சொன்ன ஜீவனாம்சப் பிரிவிலேயே ஒரு வாசகம் இருக்கிறது. விவாகரத்தும் இல்லை, ஜீவனாம்சமும் தகராறு என்ற நிலைமைக்கு அந்த ஒரு கையெழுத்து கொண்டுபோய் விட்டுவிடும். வாசிக்காமல், வக்கீலிடம் காட்டாமல் போடாதீர்கள். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்றால் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள்.

வக்கீலுக்குக் காசு எங்கே என்று கேட்பீர்கள். 1987ஆம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டப்படி பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். பெண் என்றாலே தகுதிதான். ஜில்லா கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்க வேண்டும். போன் என்றால் 15100. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், மனு எழுத அவரே உதவ வேண்டும். அவசரம் என்றால் 181. கணவன் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தாலும் நாம் அங்கே அலைய வேண்டியதில்லை. நாம் குடியிருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே போடலாம். அதற்கும் நம் பேரில் உள்ள வாடகைச் சீட்டு கைகொடுக்கும்.

எல்லாம் இவ்வளவு சுலபமா என்றால், இல்லை. முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. வாய்தாவுக்கு நடந்தவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். அதனால்தான் இடைக்கால உத்தரவு கேட்பது முக்கியம். சம்பளக்காரக் கணவன் என்றால் கம்பெனியே பிடித்தம் செய்து நேராக மனைவிக்குக் கட்ட வேண்டும் என்று உத்தரவு வாங்க முடியும். ஆனால் தினக்கூலி ஆளிடம், குடித்தே அழிக்கிற ஆளிடம் எதைப் பிடிப்பது? ஜெயிலில் போட்டால் வாடகை வந்துவிடுமா? இங்கே சட்டம் கை விரித்துவிடுகிறது. கணவனிடம் வசூலிக்க வழியில்லாத பெண்களுக்காவது, அரசாங்கம் அந்த ஐந்து வருஷக் கணக்கைத் தளர்த்தி, முதல் வருஷ வாடகைக்கு உதவி செய்ய வேண்டும் என்பது என் கருத்து. கல்யாணத்துக்குத் தாலிக்குத் தங்கம் கொடுத்த தமிழ்நாட்டில், தாலி கட்டியவன் கைவிட்ட பிறகு ஒரு வருஷ வாடகை கொடுப்பது பெரிய காரியமா?

"வாடகையும் கிடைக்கும் என்றால் பெண்கள் சின்னச் சண்டைக்கெல்லாம் கிளம்பிவிட மாட்டார்களா?" என்று என் நாத்தனாரே கேட்டார். கிளம்பிப் பார்க்கட்டுமே! தனியாக வீடு பிடித்து, கேஸ் அடுப்பு வாங்கி, பிள்ளையைப் பள்ளிக்கூடம் மாற்றி, கோர்ட்டுக்கும் வேலைக்கும் நடந்து, ராத்திரி கதவை இரண்டு தடவை தாழ்ப்பாள் போட்டுப் பார்த்துப் படுக்கிற வாழ்க்கைக்கு மூவாயிரம் ரூபாய் வாடகைக்கு ஆசைப்பட்டு யார் போவார்கள்? இருக்க முடியாமல்தான் வருகிறார்கள். காரணமில்லாமல் கணவனோடு வாழ மறுத்தால் ஜீவனாம்சம் இல்லை என்றும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. நாத்தனாரிடம் அதையும் சொன்னேன்.

இனி வீடு வைத்திருக்கும் சகோதரிகளுக்கு. இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் ஒரு போர்ஷனாவது வாடகைக்கு விட்டிருப்பீர்கள். வீட்டுக்குள் யாரை வைப்பது என்று முடிவு செய்வது பெரும்பாலும் நாம்தான், ஆண்கள் இல்லை. தனியாக வரும் பெண்ணைக் கண்டு என்ன பயம்? வாடகை வராது என்றா? என் அனுபவத்தில் அவள்தான் தேதி தவறாமல் கொடுக்கிறாள், வேறு போக்கிடம் இல்லையே. கணவன் வந்து கலாட்டா செய்வான் என்றால், அதற்குப் போலீசும் கோர்ட் உத்தரவும் இருக்கின்றன. ஊர் பேசும் என்றால், ஊர் எதைத்தான் பேசவில்லை?

2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் அமலில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, இரண்டு தரப்பும் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர. அந்த ஓட்டை வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் நுழைகிறது. தாலிச் சரட்டை அடகு வைத்துத்தான் அந்தப் பத்து மாதத்தைக் கொண்டுவருவாள் என்று தெரிந்தும் வாங்க வேண்டுமா?

அவள் பேரில் எழுதிய ஒப்பந்தம் கோர்ட்டுக்கு மட்டுமல்ல, ரேஷன் கார்டுக்கும் வேண்டும். விவாகரத்து ஆகாமல் பிரிந்து வாழும் பெண்களுக்கும், கணவன் வீட்டுக் கார்டிலிருந்து பெயரை நீக்கித் தனிக் கார்டு தர 2021ல் அரசு வழி செய்தது. வட்ட வழங்கல் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் விசாரிக்க வருவார்கள். வரும்போது அக்கம்பக்கத்தில்தான் கேட்பார்கள், "இவங்க இங்கதான் இருக்காங்களா?" என்று. அப்போது "எங்களுக்குத் தெரியாதுங்க" என்று உள்ளே போகாமல், "ஆமாம், இங்கதான் இருக்காங்க" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

ரசீதுக்கு அச்சடித்த புத்தகம் வேண்டும் என்று இல்லை. ஒரு தாளில் அவள் முழுப்பெயர், கதவு எண், எந்த மாத வாடகை, எவ்வளவு, வாங்கிய தேதி, கீழே வீட்டுக்காரர் கையெழுத்து, இது போதும். ஜி-பே மூலம் வாங்குகிறவர்கள், அவளுடைய போனிலிருந்தே அனுப்பச் சொல்லுங்கள், தம்பி போனிலிருந்து வேண்டாம். அட்வான்ஸுக்கும் தனியாக ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்.

- ஒரு வாசகி, திருவண்ணாமலை